பல பாதைக்கு ஒரே பெட்டி

2021ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு நம் சங்க மலர் பத்து நாள் பிந்தி வந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அச்சகத்தார்மீது சிலர் பழி கூறினர். தபால்காரர்மீது சிலர் கூறினர். அவ்விருவரும் குற்றமற்றவர்கள். உண்மைக் காரணத்தை இப்போதாவது கூறிவிடுவது நம் கடமை.

மலரின் பக்கங்களை ஸ்கிரைபஸ் என்னும் இலவசச் செயலியில் அமைத்தோம். முற்பாதியை ஓர் அன்பர் தம் இல்லத்துக் கணினியிலும், பிற்பாதியை நாம் நம் ரயில்வே குடியிருப்பிலிருந்த கணினியிலும் அமைப்பதென ஏற்பாடு. இரண்டிலும் ஓடியது லினக்ஸ். இரண்டிலும் இருந்தது ஸ்கிரைபஸ். ஆயினும் அவர் அமைத்த பக்கங்களை நம் கணினி திறக்க மறுத்தது. அவரிடம் இருந்தது 1.5 வரிசைப் பதிப்பு. நம்மிடம் இருந்தது 1.4. புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறவாது. போதாக்குறைக்குப் பழையதற்குத் தமிழ் எழுத்தைக் கோத்து எழுதவும் தெரியாது. 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறி நின்றன. நம் கணினியில் இருந்த லினக்ஸ் வகையின் களஞ்சியத்தில் அன்று கிடைத்தது அந்தப் பழைய பதிப்பே. புதியதை மூலநிரலிலிருந்து நாமே தொகுத்துக்கொள்ள முயன்று பல இரவுகளை இழந்தோம். ஒரு துணைக்கோப்பு வேண்டும் என்றது. அதைக் கொணர்ந்தால் வேறொன்று வேண்டும் என்றது.

இறுதியில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி பென் டிரைவுடன் வந்தார். "மாமா, இதை நிறுவவே வேண்டாம். கோப்பைப் படியெடுத்து, இயங்குவதற்கு அனுமதி கொடுத்தால் போதும்" என்றார். ஒரே கோப்பு, அதற்குள் முழு ஸ்கிரைபஸ். ஐந்து நிமிடத்தில் மலரின் முற்பாதி நம் திரையில் விரிந்தது. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன. அன்று தொடங்கியது இப்பொருளில் நமக்குள்ள ஈடுபாடு.

ஒரே லினக்ஸ், பல குடும்பங்கள்

லினக்ஸ் என்பது ஒன்றுதானே, இந்த வேற்றுமை ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இயக்கமுறைமையின் கருவை மட்டுமே. அதனுடன் பிற நிரல்களைச் சேர்த்து, வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும்படி முழுமையாக்கித் தருவதையே 'வழங்கல்' என்கிறோம். 1993இல் டெபியன் பிறந்தது. 2002இல் ஆர்ச், 2003இல் ஃபெடோரா, 2004இல் உபுண்டு என வழங்கல்கள் பெருகின. செயலிகளைப் பொதியாகக் கட்டும் முறையும் வேறுபட்டது. டெபியனும் உபுண்டுவும் டெப் என்னும் பொதியைக் கொண்டன, ஃபெடோரா ஆர்.பி.எம். என்பதைக் கொண்டது. எல்லாச் செயலிகளும் சார்ந்து நிற்கும் பொது நிரல் நூலகங்களின் பதிப்புகளும் வழங்கலுக்கு வழங்கல் மாறின.

இரயில்வேயில் இருப்பவர்க்கு இது புதிய செய்தியன்று. நம் நாட்டில் அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதைக்கு 1,000 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கு முழுவதையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறுவண்டியில் ஏற்றுவார்கள். பீகாரில் கர்ஹரா யார்டு இவ்வேலைக்கென்றே பெயர்பெற்றிருந்ததை மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சரக்கு ஒன்றுதான், பாதை மாறுவதால் கூலியும் காலமும் சேதமும் இரட்டிப்பாயின. லினக்ஸ் உலகிலும் ஒரு செயலியை ஆக்கியவர் ஒருவர். அதை ஒவ்வொரு வழங்கலுக்கும் மாற்றிக் கட்டுவோர் பலர். இவர்களுள் மிகப் பலர் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். அவர்கள் கை படாத செயலி அவ்வழங்கலின் வீடுகளுக்கு எளிதில் வருவதில்லை.

பாதையை மாற்றுவதா, பெட்டியை மாற்றுவதா?

இரயில்வே 1992இல் ஒரே பாதைத் திட்டத்தைத் தொடங்கி, மீட்டர் பாதைகளை அகலப் பாதைகளாக மாற்றியது. லினக்ஸிலும் அத்தகைய முயற்சி நடந்தது. லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ் என்னும் பொது நியதி 2001இல் முதற்பதிப்பாக வந்தது. எல்லா வழங்கல்களும் இன்னின்ன நூலகங்களை வைத்திருக்கவேண்டும், ஆர்.பி.எம். பொதியை ஏற்கவேண்டும் என்றது அந்நியதி. ஆனால் இங்கே ஆணையிடும் வாரியம் எதுவும் இல்லை. 2015இல் டெபியன் அம்முயற்சியைப் பெரும்பாலும் கைவிட்டது. அதற்கு முன்னாண்டு போர்ட்லண்டில் நடந்த டெபியன் மாநாட்டில், தாம் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்னும் செயலியை விண்டோசுக்கும் மாக்குக்கும் கட்டித் தருவது எளிது, லினக்ஸுக்குக் கட்டித் தருவதே துன்பம் என்று டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். லினக்ஸைத் தொடங்கியவருக்கே இந்நிலை என்றால், சிறிய செயலி ஒன்றை ஆக்கும் தனிமனிதர் என் செய்வார்?

ஆகவே பாதையை விடுத்துப் பெட்டியை மாற்றும் வழியைச் சிலர் நாடினர். சரக்கை முத்திரையிட்ட கன்டெய்னரில் அடைத்துவிட்டால், பெட்டியைத் திறவாமலே ஒரு வண்டியிலிருந்து மறுவண்டிக்குத் தூக்கி வைக்கலாம் அல்லவா? அவ்வகையில் இன்று மூன்று பெட்டிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது ஆப்இமேஜ். 2004இல் கிளிக் என்ற பெயரில் தொடங்கி வளர்ந்தது. நம் மலரைக் காத்தது இதுவே. ஒரு செயலிக்கு ஒரு கோப்பு. பென் டிரைவில் எடுத்துச்சென்று அண்டை வீட்டிலும் ஓட்டலாம்.

இரண்டாவது ஃப்ளாட்பேக். 2016இல் இப்பெயர் பெற்று, 2018இல் 1.0 பதிப்பாக முதிர்ந்தது. பல செயலிகளுக்கும் வேண்டிய நூலகங்களைப் பொது அடித்தளமாக ஒருமுறை இறக்கிவைத்துப் பலவும் பகிர்ந்துகொள்ளச் செய்வது இதன் சிறப்பு. செயலியைத் தனியறையில் அடைத்து, வெளியே உள்ள கோப்பைத் தொடவேண்டுமானால் அனுமதி கேட்கச் செய்வது மற்றொரு சிறப்பு. இதற்கு ஃப்ளாட்ஹப் என்னும் பெரிய பொதுக் களஞ்சியம் உண்டு.

மூன்றாவது ஸ்னாப். உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனத்தின் படைப்பு. 2016 முதல் பரவலாயிற்று.

பெட்டி மட்டும் போதாது

பெட்டி கிடைத்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று எண்ணுதல் தவறு. அண்மை வரலாறு வேறு பாடம் கூறுகிறது.

திரைப்பதிவுக்கும் நேரலைக்கும் பயன்படும் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் செயலியை அதன் ஆசிரியர்களே ஃப்ளாட்ஹப்பில் வைத்திருந்தனர். அதே செயலிக்கு ஃபெடோராவும் தன் களஞ்சியத்தில் வேறொரு பொதி கட்டி வைத்தது. அந்தப் பொதியில் பழுது நேர்ந்தபோது பயனர்கள் முறையிட்டதோ செயலியின் ஆசிரியர்களிடம்! 2025 பிப்ரவரியில் சர்ச்சை முற்றி, வழக்கு என்ற சொல்வரை சென்றது. பிறகு இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டனர்.

2018 மே மாதம் ஸ்னாப் களஞ்சியத்தில் ஒரு விளையாட்டுச் செயலிக்குள், பயனரின் கணினியைக் கொண்டு மறைநாணயம் ஈட்டும் நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது; செயலி அகற்றப்பட்டது. 2020இல் லினக்ஸ் மின்ட், களஞ்சியம் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருப்பதை ஏற்காமல் ஸ்னாப்பைத் தவிர்த்தது. 2023இல் உபுண்டுவும் அதன் கிளை வழங்கல்களும், ஃப்ளாட்பேக்கை முன்கூட்டியே நிறுவித் தருவதில்லை என முடிவு செய்தன. வேண்டுவோர் தாமே நிறுவிக்கொள்ளலாம்.

இவற்றிலிருந்து நாம் உணர்வது யாது? பொறியியல் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது மனிதச் சிக்கல். பொதியைக் கட்டியவர் யார், பழுதுக்குப் பொறுப்பாளர் யார், களஞ்சிய வாசலில் காவல் நிற்பவர் யார் என்ற வினாக்களுக்கு நிரல் விடை தாராது. மக்களே விடை தரவேண்டும். பழைய வழங்கல்களின் தொண்டர்கள் எழுப்பும் தடைகளும் வெறும் பிடிவாதம் அல்ல. பொதுப் பெட்டிகள் வட்டில் மிகுந்த இடம் கொள்கின்றன. பெட்டிக்குள் அடைத்த நூலகத்தில் ஓட்டை கண்டால், பெட்டி கட்டியவரே அதனை அடைக்கவேண்டும். அவர் உறங்கினால் பயனர் இழப்பார். வழங்கலின் களஞ்சியத்திலோ ஒரே இடத்தில் அடைத்தால் எல்லாருக்கும் அடைபடும். இக்கூற்றில் நியாயம் உண்டு.

எனினும் இணக்கமும் காண்கிறோம். பல்லாண்டுகள் போட்டியாளர்களாகக் கருதப்பட்ட க்னோம், கே.டி.இ. என்னும் இரு குழுக்களும் 2019இல் பார்சிலோனாவில் லினக்ஸ் செயலி மாநாட்டைச் சேர்ந்து நடத்தின. நெல்லையாரும் கொங்குநாட்டாரும் தஞ்சையாரும் சாம்பாரின் சுவையில் ஒருநாளும் உடன்படாமல், ஆண்டு விழாவுக்கு மட்டும் ஒரே பந்தலில் கூடும் நம் சங்கத்தார்க்கு இதன் அருமை விளங்கும். அவரவர் சமையலறை அவரவர்க்கு. பந்தல் எல்லார்க்கும் பொது.

நம் இல்லங்கள் செய்யத்தக்கவை

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பழைய கணினிகள் நம் அன்பர் பலர் இல்லத்தில் உள்ளன. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் லினக்ஸ் ஏற்றிப் பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்படுத்த விழைவோர் நம்மிடம் வழி கேட்கின்றனர். ஒருவர் வீட்டில் மின்ட், ஒருவர் வீட்டில் ஃபெடோரா, ஒருவர் வீட்டில் டெபியன் என அமையும். அது அவரவர் விருப்பம். செயலிகளை மட்டும் கூடியவரை பொதுப் பெட்டியில் பெற்றால், ஒரு வீட்டில் கற்றது மறுவீட்டிலும் உதவும். அப்பயனை நாடுவோர் கைம்மாறாகச் செய்யத்தக்கவை நான்கு.

ஒன்று, பழுதைத் தக்கவரிடம் சொல்லுதல். வழங்கலின் பெயர், செயலியின் பதிப்பு, பொதி எங்கிருந்து வந்தது, என்ன செய்தபோது என்ன நேர்ந்தது என நான்கு வரி எழுதினால் போதும். 'ஓடவில்லை' என்ற ஒற்றைச் சொல் எவருக்கும் உதவாது.

இரண்டு, பொதியைக் கட்டியவரை அறிந்து பெறுதல். ஃப்ளாட்ஹப்பில் ஆசிரியரே வைத்த செயலிக்கு 2023 முதல் சரிபார்ப்புக் குறி இடப்படுகிறது. அக்குறியையும், செயலி கேட்கும் அனுமதிகளையும் பார்த்த பின்னரே இறக்குக. பணம், வங்கி தொடர்பான செயலியில் இவ்விழிப்பு இருமடங்கு வேண்டும்.

மூன்று, தமிழ். செயலிகளின் பட்டிகளையும் விளக்கங்களையும் மொழிபெயர்ப்பதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நல்ல தமிழ் தெரிந்தால் போதும். தமிழெழுத்து சரியாகக் கோக்கப்படுகிறதா என்று புதிய பதிப்புகளைச் சோதிப்பதும் இதில் அடங்கும். நம் மலரில் சிதறிய கொம்பை மீட்டது, ஸ்கிரைபஸ் 1.5 வரிசையில் இத்தகைய எழுத்துகளுக்காகச் சிலர் செய்த பணியே.

நான்கு, இயன்ற பொருளுதவி. நமக்கு நாள்தோறும் பயன்படும் ஒரு செயலிக்கு ஆண்டுக்கொருமுறை ஒரு சினிமா டிக்கெட்டின் விலையை அனுப்பினாலும் அத்தொண்டர்க்கு அது ஊக்கம்.

கர்ஹராவில் மூட்டை சுமந்தவர்களின் பெயர் எந்த ரசீதிலும் எழுதப்படவில்லை. பொதி கட்டும் தொண்டரின் பெயரையும் நாம் அறியாமலே செயலியைத் திறந்து மூடுகிறோம். அவர் சோர்ந்து விலகும் நாளில்தான் பொங்கல் மலர் பிந்துகிறது. சங்கத்தின் பந்தலுக்கு ஒரு கால் நட்டுத் தருவதுபோல், இப்பொதுக் களஞ்சியத்துக்கும் நம் இல்லந்தோறும் ஒரு கை நீளுமாக!