குழிமுயலும் கலப்பு நாயும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கில நூலொன்றைக் கையிலேந்தியவாறு என் வீட்டு விறாந்தைக்கு வந்தான். தன் பாடசாலை இலக்கிய மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகைக்காக அந்நூலின் ஒரு பகுதியைத் தமிழாக்க முனைந்திருந்தான். பாதி வழியிலேயே அவனுக்கு ஓர் இடர் நேர்ந்துவிட்டது.

“சேர், ‘றபிற்’ என்றதையும் முயல் என்று எழுதினேன், ‘ஹெயர்’ என்றதையும் முயல் என்றே எழுதினேன். இப்போது முதற்பக்கத்தில் முயல் குழி தோண்டி வாழ்கிறது; அடுத்த பக்கத்தில் முயல் ஒருநாளும் குழி தோண்டாது என்று வருகிறது. எதைச் சேர் வெட்டுவது?”

நான் சிரித்தேனாயினும் அவன் கேட்டது சிரிக்கத்தக்க கேள்வியன்று. ஒரு மொழியிலே ஒரு சொல் மட்டும் இருப்பதற்கு அந்நாட்டு மண்ணும் காரணமாகும் என்ற உண்மையை அவன் தன்னையறியாமலே தொட்டுவிட்டான். இலங்கைக் காட்டிலும் வயலிலும் இயல்பாக வாழும் முயலினம் ஒன்றே. பிடரியிலே கரும்பட்டை கொண்ட அம்முயல் குழி தோண்டுவதில்லை. புல்லையும் புதரையும் அழுத்திச் சிறு பள்ளமாக்கி அதிலே பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டிகள் உடலெங்கும் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறப்பவை. ஐரோப்பியக் குழிமுயலோ நிலத்துக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டிகள் மயிரின்றி, கண் மூடியவாறு பிறக்கும். நாம் கூட்டிலே வளர்க்கும் வெள்ளை முயல் அவ்வினத்தின் வழிவந்ததே. நம் முன்னோர் கண்டது ஒரு விலங்கு. ஆகவே வைத்ததும் ஒரு பெயர்.

மாணவன் கொணர்ந்த நூல் இங்கிலாந்தின் முயல்வேட்டை பற்றியது. அங்கே ‘பெரற்’ என்றொரு சிறு விலங்கைப் பழக்குவர். கீரியை ஒத்த நீளுடலும் குறுங்காலும் உடைய அதனை வளைக்குள் விட்டால், உள்ளே உறங்கும் முயல்கள் அஞ்சி வெளியே பாயும். வளை வாய்களிலே முன்கூட்டி விரித்த வலையில் அவை சிக்கும். வலைக்குத் தப்பியதை நாய் துரத்திப் பிடிக்கும். இவ்வித்தை நேற்றுத் தோன்றியதன்று. குழிமுயல் பெருகித் தம் பயிரையும் மரத்தையும் அழிப்பதாக ஸ்பானியாவை அடுத்த தீவு மக்கள் உரோமரிடம் முறையிட்ட செய்தியையும், ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த இத்தகைய விலங்கை வாய்கட்டி வளைக்குள் விட்ட செய்தியையும் கிரேக்க நிலநூலாசிரியர் ஸ்திராபோ ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார்.

இவ்வேட்டைக்கு ஏற்ற நாய் எது? இங்குதான் நூலின் சுவையான பகுதி தொடங்குகின்றது. கிரேஹவுண்டு என்னும் மெலிந்த நாய்க்கு வேகம் உண்டு; ஆயின் அது கண்ணால் காண்பதைத் துரத்துமேயன்றி ஏவலை நின்று கேட்பது அரிது. ஆடு மேய்க்கும் நாய்க்கு அறிவும் பணிவும் உண்டு; வேகம் போதாது. வளைபுகும் ‘ரெரியர்’ சாதிக்குத் துணிவு உண்டு; கால் குறுகியது. ஆகவே வேகநாயோடு மற்றொன்றைக் கலந்து ‘லேர்ச்சர்’ எனும் கலப்பு நாயை அந்நாட்டார் உண்டாக்கினர். முயல் இருக்கும் வளை எது, வெறும் வளை எது என்று மோந்தறிந்து சொல்லவும், பெரற்றைத் தன் தோழனாகக் கருதித் தீண்டாதிருக்கவும், குரல் கொடுக்காமல் ஓடவும் அது பழக்கப்படும். குரல் கொடுக்காமை அங்கே பெருஞ்சிறப்பு. பிறர் நிலத்தில் களவாக வேட்டையாடும் ஏழைக்கு, குரைக்கும் நாய் காவலாளியை அழைத்துவரும் நாயன்றோ?

இவற்றை நான் விளக்கியபோது மாணவனின் கண்கள் ஒளிர்ந்தன. “நாங்களும் நம் ஊரில் செய்து பார்க்கலாமே சேர்?” என்றான்.

அக்கேள்வி என்னை அறுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னே இழுத்துச் சென்றது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையில் உள்ளமையால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலத்தில் எங்கள் பழுகாமம் இருக்கின்றது. திரௌபதை அம்மன் கோயிலும், தீமிதிப்பும், பரந்த வட்டைகளும் எங்கள் ஊரின் அடையாளங்கள். பாரதக் கதை ஊறிய ஊராதலின் நாய்க்குக்கூட வீமன் என்று பெயரிடத் தயங்கமாட்டோம்.

1962ஆம் ஆண்டளவில் எங்கள் ஊர்ப் போடியார் ஒருவர் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து உயர்ந்த, இடைசிறுத்த வேகநாயொன்றை வாங்கிவந்தார். வெயிலும் உண்ணியும் அதனை வாட்டின; இரண்டாம் ஆண்டு முடியுமுன் அது இறந்தது. அதற்குள் எங்கள் வாடியில் நின்ற கறுப்பி என்னும் ஊர்நாயிடம் நான்கு குட்டிகளைத் தந்துவிட்டிருந்தது. நான்கும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு: தந்தையின் நீண்ட கால், தாயின் தடித்த தோல். போடியார் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவற்றுள் சிறந்ததே வீமன்.

இவ்வழியில் அவர் முதல்வர் அல்லர். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் மரை வேட்டைக்கென இங்கிலாந்திலிருந்து நாய்க்கூட்டம் கொணர்ந்தவர். நரிவேட்டைக்கெனப் பிறந்த தூய சாதி நாய்கள் இந்நாட்டுக் காட்டுக்குப் பொருந்தாமை கண்டு கலப்பு நாய்களையே அவர் மெச்சினார். 1850களில் வெளிவந்த அவரது இலங்கை வேட்டை நூல் இதற்குச் சான்று. இறக்குமதி செய்த சாதி, அது பிறந்த மண்ணோடு சேர்த்து இறக்குமதியாவதில்லை.

வீமனின் புகழ் ஓர் ஆண்டு நிலைத்தது. பின் போடியார் அவனையும் அவன் உடன்பிறந்த பெட்டையையும் இணைத்தார். “முதலீற்றே இப்பிடியெண்டா மறு ஈற்று எப்பிடியிருக்கும் பாருங்களன்!” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறந்தவையோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று பாட்டனைப்போல் மெலிந்து காய்ச்சலில் மாண்டது; ஒன்று கறுப்பியின் நகல்; ஒன்றுக்குக் கால் நீளம், புத்தி குறைவு; காட்டில் விட்டால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. போடியார் இதனை யாரோ வைத்த கண்ணூறு என்றார். பிற்காலத்தில் ஆசிரிய கலாசாலையில் மெண்டலின் பட்டாணிக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. வேறுபட்ட இரு சாதிகளின் முதற்கலப்பு ஒருசீராய் இருக்கலாம். அடுத்த தலைமுறையில் மறைந்திருந்த கூறுகள் பிரிந்து பலவாறாகத் தோன்றும். 1866இல் அச்சேறிய அவ்வுண்மை, ஒரு நூற்றாண்டு கழிந்தும் எங்கள் வட்டைக்கு வந்து சேரவில்லை.

கலவாமல் காத்தாலும் இடருண்டு. இராசபாளையம் நாயின் தூய வெண்மையையும் இளஞ்சிவப்பு மூக்கையும் போற்றிப் போற்றி வளர்த்ததன் விலையாக, அவ்வினத்திற் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கின்றன. நிறத்தைத் தேர்ந்தவர் செவியை இழந்தனர்.

நாங்கள் இழந்தது வேறு.

அறுவடை முடிந்து சூடடிப்பும் ஓய்ந்த ஒரு நாள், நான் வீமனோடு வயலுக்குப் போனேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஒட்டுப்புல்லிலிருந்து முயலொன்று பாய்ந்தது. வளைந்தும் திரும்பியும் அது ஓடிய ஓட்டத்தை இன்றும் மறக்கவில்லை. ஓரொலியுமின்றி வீமன் துரத்தினான், வரம்பருகே பிடித்தும்விட்டான். நான் வெற்றிக் களிப்போடு தூக்கிப் பார்த்தபோது அதன் வயிற்றிலே பால் கசிந்திருந்தது. மறுநாள் அவ்விடத்தருகே மூன்று குட்டிகளைக் கண்டேன். கண்கள் திறந்திருந்தன, அசைவு மட்டும் இல்லை. வாடிக் காவலுக்கு வந்த அம்மப்பா என் கையைப் பற்றினார்.

“தொடாத மனே. தாய் செத்தது அதுகளுக்குத் தெரியா. பொழுதுபட்டாப் பால் குடுக்க வருவா எண்டு பாத்துக்கொண்டிருக்குதுகள்.”

நான் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொணர்ந்து பசுப்பால் ஊட்டினேன். மூன்றாம் நாள் ஒன்றும் எஞ்சவில்லை.

அதற்கடுத்த போகத்தில், கதிர் முற்றிய ஓரிரவு, யானை வட்டைக்குள் இறங்கிற்று. வாடியிலே அம்மப்பாவும் நானும் உறங்கினோம். காலடியில் வீமனும் அவன் வழிவந்த ஒன்றும் கிடந்தன; அவை வாய் திறக்கவில்லை. எங்களை எழுப்பியது கறுப்பியின் குரல். கிழட்டு நாய், ஓடமுடியாது. ஆயினும் வரம்பில் நின்று குரைத்த குரைப்பில் நான்கு வாடிகளும் விழித்தன. தீப்பந்தங்கள் எழுந்தன, யானை திரும்பிற்று. எங்கள் வாடிக்கும் அதற்கும் இடையே இருந்தது ஒரு வாய்க்கால் அகலமே.

விடிந்தபின் அம்மப்பா போடியாரிடம் அதிகம் பேசவில்லை. “காலைத்தான் வளத்தம், போடியார். குரலை மறந்திட்டம்” என்றார்.

களவு வேட்டைக்காரனுக்கு ஊமை நாய் வரம். காவற்காரனுக்கு அதுவே சாபம். நாயின் குணத்தில் நன்மை தீமை என்று தனித்து எதுவுமில்லை. அது நிற்கும் இடமே அதற்குப் பொருள் தருகின்றது. இதனை மறந்தோர் செய்த பெரும்பிழையும் உண்டு. 1859இல் அவுஸ்திரேலியாவில் வேட்டைக்கென விடப்பட்ட குழிமுயல்கள் கண்டமெங்கும் பரவிப் பயிர்நிலத்தைப் பாழாக்கின. நியூசிலாந்தினரோ அம்முயலை அடக்கவென 1880களில் பெரற்றைக் கொணர்ந்து விட, அது பறக்கவியலாத அந்நாட்டுப் பறவைகளை வேட்டையாடக் கற்றுக்கொண்டது.

இவற்றை முற்றும் கேட்ட மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். வளையில்லாத நாட்டில் பெரற்றுக்கு வேலையில்லை என்பது அவனுக்குத் தெளிவாயிற்று. வேட்டையை முறைப்படுத்த 1937இலேயே இந்நாட்டில் சட்டம் பிறந்தது. தமிழகத்திலோ சிப்பிப்பாறை, கன்னி முதலிய முயல்வேட்டை நாய்கள் இன்று காவலுக்கும் அழகுக்குமே வளர்க்கப்படுகின்றன. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முயல்வேட்டை அங்கே குற்றம். இவற்றையும் சொன்னேன்.

பின் அவனே கேட்டான்: “கறுப்பியின் வழி இன்னும் இருக்கிறதா சேர்?”

2007இல் போர் மூண்டு படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியபோது நாய்களை ஏற்றிச்செல்ல இடமிருக்கவில்லை. மாதங்கள் கழித்து நாங்கள் திரும்பியபோது ஊர்வாயிலில் எலும்பும் தோலுமாய்ச் சில நின்றன. அவற்றின் தலைமுறையை யார் எழுதிவைத்தார்? முற்றத்திற் படுத்திருந்த கறுத்த நாயைக் காட்டி, “இருக்கலாம்” என்றேன்.

அவன் எழுந்து புறப்பட்டபோது அது ஒருமுறை குரைத்தது. “இதற்கும் சஞ்சிகையில் ஓரிடம் கொடுக்கவேண்டும்” என்று சொல்லிக்கொண்டே தன் கையெழுத்துப் படியை எடுத்தான். முதற்பக்கத்தில் ‘முயல்’ என்றிருந்த இடங்களிலெல்லாம் ‘குழிமுயல்’ என்று திருத்தினான். அடுத்த பக்கத்து முயலை அவன் தொடவில்லை, அது நம்முடையது.