தீயில்லாமல் எரியும் பாதம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து வரும் நிலையத்தின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? தாம்பரம் சானடோரியம். 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம்.

சித்திரை வெயிலில் அந்த நடைமேடையில் செருப்பின்றி நின்றால் பாதம் எரியும். நிழலுக்கு வந்தால் எரிச்சல் அடங்கிவிடும். ஆனால் இரவில் பாயில் படுத்திருக்கும்போதே சிலருக்குப் பாதம் தீயாய் எரிகிறது. சூடில்லாத இடத்தில் எரிச்சல் எப்படி வந்தது?

நரம்புகள் மூளைக்குச் சூட்டை அனுப்புவதில்லை. மின் துடிப்புகளையே அனுப்புகின்றன. ஓய்விலிருக்கும் நரம்பின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டலால் இந்த வேறுபாடு ஓர் எல்லைவரை குறைந்ததும், நரம்புச் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதுவே துடிப்பு. அழைப்பு மணியின் கம்பிகள் உரசிக்கொண்டால், வாசலில் ஆள் இல்லாமலே மணி அடிக்கும் அல்லவா? பழுதான நரம்பும் அப்படித்தான்.

பழுதுக்குக் காரணங்கள் பல. இன்று பலருக்கு நீரிழிவு. சிலருக்குச் சத்துக்குறைவு. பாண்டோதெனிக் அமிலம் என்னும் பி வைட்டமினைக் கொடுத்ததும் எரிபாத நோயாளிகள் நலமடைந்ததை, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டாக்டர் சி. கோபாலன் 1946-இல் எழுதினார்.

காசநோய் மருந்தான ஐசோனியசிட்டும் ஒரு காரணம். அது உடலிலுள்ள பி6 வைட்டமினைக் குறைத்துவிடுகிறது. இம்மருந்தை அதிக அளவில் உட்கொண்டவர்களில், அதை மெதுவாகச் செயலிழக்கச் செய்யும் உடல்வாகு உடையோருக்கே நரம்புப் பாதிப்பு மிகுதி என்று சென்னைக் காசநோய் ஆய்வு மையம் 1960-இல் தெரிவித்தது. எரிச்சலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. நிறுத்தினால் காசநோய் மீண்டும் தலைதூக்கும். மருத்துவரிடம் சொன்னால் பி6 மாத்திரை தருவார்.

இவற்றினும் அரிதான நோய் ஒன்று உண்டு. பெயர் எரித்ரோமெலால்ஜியா. 1878-இல் அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் இட்ட இப்பெயருக்குக் கிரேக்கத்தில் ‘சிவந்த உறுப்பின் வலி’ என்று பொருள். இதில் பாதம் எரிவதோடு சிவந்து, தொட்டாலே சுடும். தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதே காரணம். குழாயின் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் போதும். பாய்வு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்ததாகையால், இரத்தம் இரு மடங்கு பாயும்!

பரம்பரையாக வரும் வகையின் மூலத்தை 2004-இல் சீன அறிவியலாளர்கள் கண்டனர். சோடியம் வாயில் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் பிழை. அதனால் அந்த வாயில் சிறு தூண்டலுக்கே திறந்துகொள்கிறது. இளஞ்சூடும் தீயாகத் தோன்றுகிறது.

குளிர்ச்சி பட்டால் வலி தணியும். அதனால் நோயாளிகள் பனிக்கட்டி நீரில் மணிக்கணக்காகக் காலை வைத்திருப்பதுண்டு. இது ஆபத்து, தோல் புண்ணாகிச் சிதையும். மின்விசிறிக் காற்றும், காலை உயர்த்தி வைப்பதும் நல்லது.

உங்கள் வீட்டுப் பாட்டி, “கால் எரியுதுப்பா” என்றால், தொட்டுப் பார்த்து, “சூடே இல்லையே, எல்லாம் பிரமை” என்று சொல்லிவிடாதீர்கள். வெப்பமானியில் ஏறாத எரிச்சலும் உண்மையான எரிச்சலே. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.