வட்டுக்கு ஒரு பூட்டு

மாணவர்களே, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் இரயில் ஏறிக் கிள்ளானில் இறங்குகிறீர்கள். மடிக்கணினியை இருக்கையிலேயே மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடையாள அட்டையின் நகல், குடும்பப் படங்கள், பள்ளிப் பாடங்கள் எல்லாம் உள்ளன. “கடவுச்சொல் போட்டிருக்கிறேனே!” என்பீர்கள். அது போதுமா?

போதாது. அந்தக் கடவுச்சொல்லைக் கேட்பது கணினியின் இயங்குதளம். ஒருவர் லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகி, அதன் வழியாகக் கணினியை இயக்கினால், உங்கள் இயங்குதளம் விழிக்கவே விழிக்காது. கடவுச்சொல் கேட்க ஆளில்லை. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலும் இதே கதைதான். கோப்புகளைத் தடையின்றிப் படிக்கலாம்.

இதற்குத் தீர்வு, வட்டில் உள்ளதையே குறியாக்கம் செய்வது. லினக்ஸில் இதற்கு ‘லக்ஸ்’ என்ற முறை உண்டு. 2004இல் கிளெமன்ஸ் ஃப்ரூவிர்த் இதை உருவாக்கினார்.

இது எப்படி வேலை செய்கிறது? முதலில் கணினி, தற்போக்கான எண் ஒன்றை முதன்மைச் சாவியாக உருவாக்குகிறது. அந்தச் சாவியைக் கொண்டு ‘ஏஇஎஸ்’ என்ற கணக்குமுறை, வட்டில் எழுதப்படும் தரவுகளைப் பொருளற்ற குவியலாக மாற்றுகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்த இம்முறை, 2001இல் அமெரிக்காவின் தரமாக ஏற்கப்பட்டது. 256 பிட் சாவி என்றால், சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்டது!

அப்படியானால் உங்கள் கடவுச்சொல்லுக்கு என்ன வேலை? முதன்மைச் சாவியும் பூட்டப்பட்டே வட்டில் இருக்கிறது. கடவுச்சொல் அந்தப் பூட்டைத்தான் திறக்கிறது. அதனால் கடவுச்சொல்லை மாற்றினாலும் வட்டு முழுவதையும் மீண்டும் குறியாக்கத் தேவையில்லை. மேலும், ‘ஆர்கான்2’ என்ற முறை ஒவ்வொரு முயற்சியையும் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. ஊகித்துப் பார்ப்பவருக்கு இது பெரிய தடை. ஆனால் ‘123456’ என்று வைத்தால் எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கணினி இயங்கும்போது சாவி நினைவகத்தில் இருக்கும். உறக்கநிலையிலும் பொதுவாக அப்படித்தான். எனவே வெளியே எடுத்துச் செல்லுமுன் முழுவதுமாக அணைத்துவிடுங்கள். அடுத்து, கடவுச்சொல்லை மறந்தால், லோ யாட் பிளாசாவில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் திறக்க முடியாது. திருடனைத் தடுக்கும் அதே கணிதம் உங்களையும் தடுக்கும். அதைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். முக்கியக் கோப்புகளுக்குத் தனி நகலும் வைத்திருங்கள்.

உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றை நிறுவும்போதே குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். புதிதாக நிறுவினால் பழைய கோப்புகள் அழியக்கூடும் என்பதை மறவாதீர்கள். முதலில் ஒன்றுமில்லாத பழைய பென் டிரைவில் பழகிப் பாருங்கள். உபுண்டுவின் வட்டு மேலாண்மைக் கருவியிலேயே இந்த வசதி உண்டு. குறியாக்கம் செய்தபின், அதை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். கடவுச்சொல் இல்லாமல் ஒரு கோப்பின் பெயர்கூடத் தெரியாது.