பிடித்த ராப் பாடகரைப் போன்ற இன்னொருவரைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சங்கரன்கோவிலில் இருந்தபடி இசைச் செயலியில் ராப் பாடகர் அறிவின் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மறுநாள் செயலி, நீங்கள் கேள்விப்படாத ஒரு ராப் பாடகரைக் காட்டுகிறது. உங்கள் ரசனை அதற்கு எப்படித் தெரிந்தது? ஊர்ப் பூச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை வாங்குபவர்கள் பலரும் கூடவே மரிக்கொழுந்து கேட்டால், அடுத்து வருபவரிடம் கடைக்காரர் தானாகவே அதை எடுத்து நீட்டுவார். அவர் வாசனையை ஆராயவில்லை, எதோடு எது போகிறது என்று கவனித்தார், அவ்வளவுதான். செயலியும் பெரும்பாலும் இதையே செய்கிறது: உங்களைப் போலக் கேட்டவர்கள் வேறு யாரைக் கேட்டார்கள், எந்தப் பாட்டைப் பாதியில் தள்ளினார்கள் என்று பார்க்கிறது.

அப்படியானால் யாருமே இன்னும் கேட்காத புதியவர் எப்படி வெளியே தெரிவார்? நியாயமான கேள்வி. தாளத்தின் வேகத்தையும் மெட்டின் போக்கையும் ஒலியிலிருந்தே அளக்கும் முறைகளும் உண்டு. ஆனாலும் ஏற்கெனவே பலர் கேட்டவரே முன்னால் வருகிறார். ஆகவே பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவதே மேல் என்பேன். 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டில் அறிவோடு பாடியவர் தீ; தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். அறிவு இருந்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைத் தேடினால் ராப்போடு கானா கலந்த குரல்கள் கிடைக்கும். இன்னும் பின்னே போனால் மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழுவின் 2006ஆம் ஆண்டு 'வல்லவன்' தொகுப்பு காத்திருக்கிறது. பாடியவர் பெயரோடு நிற்காமல், இசை அமைத்தவர் பெயரையும் தட்டிப் பாருங்கள்.