வரைபடம் இல்லாத தளத்தில் ஒரு ஜார்

1698 ஜனவரி 15 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு கப்பல் தச்சருக்கு அவருடைய மேஸ்திரி நற்சான்று எழுதிக் கொடுத்தார். ஆகஸ்ட் 30 முதல் இந்தத் தளத்தில் வேலை பார்த்தவர், உழைப்பாளி, கைத்திறன் உள்ளவர், கப்பல் கட்டும் கலையை எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்பது அதன் சாரம். மேஸ்திரியின் பெயர் கெரிட் கிளாஸ் போல். சான்று பெற்றவர் பியோத்தர் மிகைலோவ். அந்தப் பெயருக்குள் மறைந்திருந்தவர் ரஷ்யாவின் ஜார் மன்னர் முதலாம் பீட்டர். அப்போது அவருக்கு வயது 25.

ஒரு பேரரசர் வாய்ச்சி பிடித்தார் என்ற வியப்போடு இந்தக் கதையைப் பலரும் முடித்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது, கையில் சான்று கிடைத்தும் மாணவர் மனநிறைவு இல்லாமல் ஊரைவிட்டுப் போனது. ஒரு தொழிலைக் கைவழியாகக் கற்பதில் எவ்வளவு கிடைக்கும், எது கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி குறைவு.

1696இல் பீட்டர் துருக்கியரிடமிருந்து அசோவ் கோட்டையைப் பிடித்தார். அதைக் காக்கக் கப்பற்படை வேண்டும். ரஷ்யாவில் கடலோடும் போர்க்கப்பல் கட்டத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் புறப்பட்ட பெரும் தூதுக் குழுவில் அவரும் மாற்றுப் பெயரில் சேர்ந்துகொண்டார். ஹாலந்தில் முதலில் போய் இறங்கிய இடம் சாண்டாம். காற்றாலையால் மரம் அறுக்கும் உத்தி 1590களிலேயே ஹாலந்தில் பிறந்துவிட்டது. சாண்டாமைச் சுற்றி அத்தகைய ஆலைகள் நிறைந்திருந்தன. அங்கே ஒரு கொல்லரின் சிறு மரவீட்டில் தங்கினார். அந்த வீடு இன்றும் காட்சியகமாக நிற்கிறது. ஆனால் ஆள் யாரென்ற செய்தி பரவி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு வாரத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறினார்.

அங்கே நகரத் தலைவர்களில் ஒருவரான நிக்கோலாஸ் விட்சன் கைகொடுத்தார். டச்சுக் கப்பல் கட்டுமானம் பற்றி 1671இல் பெரிய நூல் எழுதியவர் அவர். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியிலும் செல்வாக்குள்ளவர். கம்பெனியின் ஊஸ்டன்பர்க் தளத்தில் பீட்டருக்கும் அவருடன் வந்த ரஷ்யர் சிலருக்கும் இடம் கிடைத்தது. (பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் தன் சோழமண்டலத் தலைமையகத்தை மாற்றி ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த அதே கம்பெனிதான் இது.) வெளியார் புகமுடியாத மதிலுக்குள் இருந்த தளம் அது. வந்தவர்கள் தொடக்கம் முதல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே 100 அடி நீளமுள்ள புதிய கப்பல் ஒன்றைத் தொடங்கினார்கள். செப்டம்பர் 9 அன்று ஏரா வைத்தார்கள். நவம்பர் 16 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது. பெயர் ‘பீட்டரும் பவுலும்’.

இரண்டு மாதம் கடந்து ஒரு வாரத்தில் ஒரு கப்பல். இந்த வேகத்துக்குக் காரணம், அங்கே யாரும் வரைபடத்துக்குக் காத்திருக்கவில்லை என்பது.

ஆம்ஸ்டர்டாம் தச்சர்களுக்குக் கப்பலின் நீளம் தெரிந்தால் போதும். அணியத்தில் நிற்கும் முன்கட்டையின் கனம், நீளத்தில் பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. 100 அடிக் கப்பலுக்குப் பத்து அங்குலம். மற்ற மரங்களின் அளவுகளும் இதிலிருந்தே விகிதம் விகிதமாகப் பிறக்கும். கட்டும் முறையும் வேறு. முதலில் விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி அவற்றின்மேல் பலகை அடிப்பதுதான் இயல்பு என்று நாம் நினைப்போம். அவர்கள் அடிப்பலகைகளை முதலில் ஒன்றோடொன்று சேர்த்தார்கள். விலகாமல் இருக்க, இணைப்பின் குறுக்கே சிறு மரத்துண்டுகளை ஆணியால் அடித்தார்கள். வளைய வேண்டிய பலகையை நெருப்பின் மேல் பிடித்து, நீர் தெளித்து, மெல்ல மெல்ல வளைத்தார்கள். அடிப்பாகம் உருவம் எடுத்த பிறகே உள்ளே வங்குகள் ஏறின. பின்னர் மரத்துண்டுகளைப் பிடுங்கி, ஆணித் துளைகளில் மரமுளை அடித்து அடைத்தார்கள். மூழ்கிய கப்பல்களின் பலகைகளில் வரிசையாகத் தெரியும் இந்த முளைகளை வைத்துத்தான், கப்பல் எந்த முறையில் கட்டப்பட்டது என்பதைத் தொல்லியலாளர்கள் இன்று கண்டுபிடிக்கிறார்கள்.

ஆக, கப்பலின் வடிவம் காகிதத்தில் இல்லை. பலகை ஏறும்போது சற்றுத் தள்ளி நின்று, ‘இன்னும் கொஞ்சம் தூக்கு’ என்று சொல்லும் மேஸ்திரியின் கண்ணில் இருந்தது. பயிலும் பையன் பல ஆண்டுகள் பக்கத்தில் நின்றால் அந்தக் கண் அவனுக்கும் வாய்க்கும்.

பீட்டருக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. செதுக்கவும் துளைக்கவும் பொருத்தவும் கற்றாயிற்று. இன்ன அளவில் இன்ன கப்பல் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் அறிவை அவர் தேடினார். விகிதங்களைச் சொல்லித் தரும்படி மேஸ்திரி போலிடம் கேட்டார். நாலே நாளில் பாடம் தீர்ந்துவிட்டது. மீதியெல்லாம் நீண்ட பழக்கத்தால் வருவது, எல்லாவற்றையும் வரைந்து காட்ட இயலாது என்று பதில் வந்தது. பிற்காலத்தில், 1720இல் வெளியான ரஷ்யக் கடற்படைச் சட்டத்தின் முன்னுரையில் பீட்டரே இந்த ஏமாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார். சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, இங்கிலாந்தில் இதை முறையான கணிதமாகக் கற்கலாம் என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னாராம்.

அப்படியே அவர் இங்கிலாந்தின் டெப்ட்ஃபோர்ட் தளத்துக்குப் போனார். அங்கே கப்பலின் குறுக்கு வடிவத்தை வட்ட வில்களாகப் பிரித்துக் காகிதத்தில் வரைந்தார்கள். அதையே முழு அளவில் தளத்தின் தரையில் வரைந்து, மெல்லிய பலகையில் அச்சு வெட்டி, அச்சுப்படி வங்குகளை அறுத்தார்கள். ஆங்கிலக் கப்பல் கட்டுநர் அந்தோணி டீன், கப்பல் எவ்வளவு ஆழத்துக்கு நீரில் அமரும் என்பதைத் தண்ணீரில் இறக்கும் முன்பே கணக்கிட்டவர். 1666இல் ‘ரூப்பர்ட்’ கப்பலுக்கு அவர் போட்ட கணக்கைக் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். நீளத்தை மாற்றினால் என்ன ஆகும், பீரங்கி கூடினால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு இங்கே காகிதத்திலேயே பதில் தேடலாம்.

டச்சுக்காரர்களைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை. வரைபடமில்லாத அந்த முறையில்தான் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மிகப் பெரிய வணிகக் கப்பல் கூட்டம் உருவானது. கெரிட் போலும் தன் மாணவரை ஏமாற்றவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் தர முடியும் என்று எழுத்திலேயே சொன்னார். ஆனால் தன் நாட்டில் அனுபவத் தலைமுறை ஒன்று உருவாகக் காத்திருக்க முடியாத அரசருக்கு, இன்னொரு ஊருக்கு எடுத்துப் போகக்கூடிய அறிவு தேவைப்பட்டது. ரஷ்யாவின் வரோனெஷ் தளத்தில் இருந்த டச்சுத் தச்சர்களைப் பிற நாட்டு வல்லுநர்களின் மேற்பார்வையில் வைக்கச் சொன்னார். அங்கே அவரும், ஆம்ஸ்டர்டாமுக்கு உடன் வந்த ஃபெதோசெய் ஸ்க்ல்யாயெவும் கட்டிய 58 பீரங்கிக் கப்பல் 1700இல் நீரில் இறங்கியது. அடுத்த ஆண்டு மாஸ்கோவில் கணித, கடலோட்டப் பள்ளி திறந்தது. கற்பிக்க ஹென்றி ஃபார்குவார்சன் பிரிட்டனிலிருந்து வந்திருந்தார்.

கைவழிப் பாடம் அத்தோடு செத்துவிடவில்லை. 1628இல் ஆம்ஸ்டர்டாமில் கட்டி, மறு ஆண்டே ஆஸ்திரேலியக் கரையருகே பாறையில் மோதி உடைந்த ‘பட்டாவியா’வை மீண்டும் கட்ட, 1985இல் வில்லம் வோஸ் என்ற கப்பல் தச்சர் லெலிஸ்டாட் நகரில் முனைந்தார். பின்பற்ற மூல வரைபடம் ஏது? விட்சனின் நூலும், கடலடியிலிருந்து எடுத்த பலகைகளும், பழைய ஓவியங்களும்தான் துணை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தொழில் கற்க வந்த இளைஞர்கள். மரவேலை, கொல்வேலை, பாய் தைப்பது எல்லாம் தளத்திலேயே பயிற்சியாக நடந்தன. பழைய மேஸ்திரிகளுக்கு ஆனதைவிடப் பல மடங்கு காலம் பிடித்தது. கற்றுத்தர ஆள் அற்றுப்போன வேலையை ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருந்ததே. 1995 ஏப்ரல் 7 அன்று அரசி பியாட்ரிக்ஸ் அந்தக் கப்பலைத் தொடங்கி வைத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஒலிம்பிக் நடந்த ஆண்டில், சிட்னிக்கு வெளியே திறந்த கடலில் அது பாய் விரித்து ஓடியது.