மருந்துத் தொழிற்சாலையையும் மூடுவார்களா?

"மருந்துக் கம்பனியில வேலை கிடைச்சா ஆயுளுக்கும் கவலையில்ல மகள்" என்பார் வாப்பா. யானை மிதித்தால் ஒரு போகமே போய்விடும் வில்கமுவவில் வயல் செய்பவர் அவர். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கும் அது சரியாகவே பட்டது, இருங்காட்டுக்கோட்டையைப் பற்றி வாசிக்கும் வரை.

சென்னைக்கு அருகிலுள்ள அவ்வூரில் ஓர்கிட் என்ற இந்தியக் கம்பனி ஊசிமருந்துத் தொழிற்சாலை நடத்தியது. 2010 இல் அமெரிக்காவின் ஹொஸ்பிரா அதை வாங்கியது. 2015 இல் ஹொஸ்பிராவையே பைசர் வாங்கியது. 2019 ஜனவரியில் இதனையும் அவுரங்காபாத் தொழிற்சாலையையும் மூடுவதாக பைசர் அறிவித்தது. இரண்டிலும் சுமார் 1,700 பேர் வேலை செய்தார்கள். மருந்துகளுக்கான கேள்வி நீண்டகாலத்துக்குப் பெரிதும் குறைந்துவிட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

நோயாளர் குறைந்துவிட்டார்களா என்ன? காப்புரிமை முடிந்த மருந்தை எவரும் தயாரிக்கலாம். போட்டியில் விலை விழும். வாங்குபவர் வேறு கம்பனியிடம் போய்விடுவார்.

வேறு மருந்து செய்யலாமே என்று தோன்றும். அங்கே தயாரானவற்றில் செபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் முக்கியமானவை. அதன் தூசு வேறு மருந்தில் சிறிது கலந்தாலும், ஒவ்வாமை உள்ளவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அதற்கெனத் தனிக் கட்டடம், தனி இயந்திரம், தனிக் காற்றோட்டம் வேண்டும். அப்படிக் கட்டிய இடத்தை நினைத்தவுடன் பரசிற்றமோலுக்கு மாற்றிவிட முடியாது.

"அப்ப நீ பார்மசி படிக்கிற இல்லயா?" என்று வாப்பா கேட்டார். படிக்கத்தான் போகிறேன். ஆனால் மருந்தின் தரப் பரிசோதனையில் சிறப்புத் தேர்ச்சி பெற விருப்பம். எந்த மருந்தைத் தயாரித்தாலும் அது வேண்டும்.