கம்பி வந்தது, சேதி வந்ததா?



2004-ம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. புதுவையை அடுத்த நல்லவாடு மீனவக் குப்பத்திலே, வழக்கத்திற்கு மாறாகக் கடல்நீர் வீடுகளுக்குள் கசியத் தொடங்கிற்று. என்ன ஏதென்று எவருக்கும் விளங்கவில்லை. பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர், பேரலை பற்றிய சேதியை அங்கே அறிந்து, பதைத்துப் போய் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். வீட்டைவிட்டு வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார்.

சேதி ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது. ஊருக்கு எப்படிச் சொல்வது? மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்! கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்க அலை காத்திருக்குமா? ஓடினார்கள் ஊரின் அறிவு மையத்துக்கு. கதவை உடைத்தார்கள். உள்ளே இருந்த ஒலிபெருக்கியை முடுக்கினார்கள். ஊர் கேட்டது, ஊர் ஓடிற்று. பின்னர் வந்த அலை வீடுகளை இடித்தது, படகுகளை நொறுக்கிற்று. உயிர்கள் பிழைத்தன.

அந்த ஒலிபெருக்கி பேரலைக்கென்று வாங்கி வைத்ததன்று. அன்றாடம் கடல் நிலவரம் சொல்ல வைத்தது. அன்றாடம் ஒலித்ததால்தான் ஆபத்து வேளையிலும் ஊருக்கு அதன் நினைவு வந்தது. இந்த இடத்தைத் தோழர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவி கொண்டு, புதுவைச் சிற்றூர்களிலே இந்த மையங்களைத் தொடங்கிற்று. வில்லியனூரிலே தலைமை நிலையம். தொலைபேசி ஒழுங்காக இல்லாத ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவி வழியே சேதி சென்றது. மின்சாரம் நம்பத்தகாத இடத்தில் சூரிய ஒளித் தகடு. கணிப்பொறியை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடவில்லை. முதலில் ஊரைக் கேட்டார்கள், உங்களுக்கு என்ன தெரியவேண்டும் என்று. உழவனுக்கு நெல் விலை தெரியவேண்டும். தாய்க்கு மருத்துவர் எந்த நாள் வருவார் என்று தெரியவேண்டும். கடலோடிக்கு அலையின் உயரம் தெரியவேண்டும்.

வீராம்பட்டினத்திலே நடந்தது சுவையானது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்தார்கள், தமிழாக்கினார்கள், ஒலிபெருக்கியிலே சொன்னார்கள். போர்க்கப்பல் ஓட்டுகிறவனுக்குக் கிடைத்த கணக்கு, கட்டுமரம் தள்ளுகிறவனுக்கும் அதே நாளிலே கிடைத்தது! கேட்டவர் எவரும் கணிப்பொறியைத் தொட்டதில்லை, ஆங்கிலம் படித்ததில்லை. தேவையும் இருக்கவில்லை. நடுவிலே ஒரு மனிதர் உட்கார்ந்து, படித்து, தமிழிலே சொன்னார். அந்த மனிதர் இல்லாவிட்டால் கணிப்பொறி வெறும் தகரப் பெட்டிதான்.

நிபந்தனைகளும் இருந்தன. இடம் ஊர் தரவேண்டும். நடத்துகிறவர்களில் பெண்கள் இருக்கவேண்டும். ஆதித்திராவிட மக்கள் தடையின்றி நுழையக்கூடிய இடமாக இருக்கவேண்டும். எம்பலத்திலே கோயில் கட்டிடத்திலேயே மையம் அமைந்தது, பெண்கள் நடத்தினார்கள். இந்த நிபந்தனைகளை நான் எந்திரத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பண்ணையார் வீட்டுத் திண்ணையிலே வைத்த கணிப்பொறி பண்ணையாருடையதாகத்தானே ஆகும்?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்திலே 2001 வாக்கில் வேறொரு முயற்சி நடந்தது. நல்ல எண்ணம், நல்ல கருவி. ஆனால் ஒவ்வொரு மையமும் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. சாதிச் சான்று, பிறப்புச் சான்று மனுக்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிக்கொடுத்த வரை மக்கள் வந்தார்கள். அந்தப் பணி தளர்ந்ததும் கூட்டம் குறைந்தது; சில ஆண்டுகளிலே பல மையங்கள் மூடப்பட்டன. நூல்நிலையத்தை லாபத்தில் நடத்து என்று யாராவது சொல்வதுண்டா?

இன்று கம்பிக்குப் பஞ்சமில்லை. நாட்டின் இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி என்று 2011-ல் முடிவெடுத்தார்கள். 2015-ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயரிட்டார்கள். 2023 ஆகஸ்டிலே 1 லட்சத்து 39 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் தந்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகள் தயார் என்கிறது சர்க்கார் கணக்கு. தயார் என்பது வேறு, எரிகிறது என்பது வேறு. சாலை போடுகிறவன் கம்பியை வெட்டுகிறான். ஒட்டுவதற்கு ஆள் வருவதில்லை. பெட்டி பூட்டிய அறையிலே தூங்குகிறது.

பணம் யாருடையது? 2002 முதல் தொலைபேசிக் கம்பெனிகளின் கணக்கிடப்பட்ட வருமானத்திலே நூற்றுக்கு ஐந்து ரூபாய், கிராமத் தொடர்புக்கென்றே தனி நிதிக்குச் சேருகிறது. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது பெயர். கம்பெனி தன் வீட்டிலிருந்தா கொடுக்கிறது? மூட்டை தூக்குகிறவர் மாதந்தோறும் கட்டும் ரீசார்ஜ் பணம் அது! ஆகவே கிராமத்து இணையம் எவரும் போடும் பிச்சையல்ல. முன்பணம் கட்டிய சரக்கு.

வாங்குவதற்கு மட்டும் சர்க்கார் இணையத்தை மறப்பதில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்திலே, 2023 ஜனவரி 1 முதல், தளத்திலே நாளுக்கு இருமுறை படம் எடுத்துக் கைபேசிச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத காட்டிலே மண் வெட்டிய பெண்ணுக்கு என்ன கதி? வியர்வை சிந்திற்று, படம் ஏறவில்லை, கூலி போயிற்று. அந்த ஆண்டு டில்லி ஜந்தர் மந்தரிலே தொழிலாளர்கள் இதற்காகவே பல நாட்கள் உட்கார்ந்து போராடினார்கள். தொழிலாளியிடம் இணையத்தைக் கேட்கிறவன், தொழிலாளிக்கு இணையத்தைக் கொடுத்துவிட்டல்லவா கேட்கவேண்டும்?

கிராம சபை தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தோழர்கள் அங்கே பேசவேண்டும். நம் பஞ்சாயத்துக்குக் கம்பி எந்த நாள் வந்தது? கடைசியாக எந்த நாள் வேலை செய்தது? அறுந்தால் யார் ஒட்டவேண்டும், எத்தனை நாளுக்குள்? பள்ளிக்கூடத்துக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் நூல்நிலையத்துக்கும் இணைப்பு உண்டா? அறையின் சாவி யாரிடம்? மாலையிலே, வேலை முடிந்து வருகிறவர் நுழையும் நேரத்தில், அது திறந்திருக்கிறதா? தமிழிலே படித்துச் சொல்ல ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ சம்பளம் போட்டு அமர்த்தினால் என்ன?

கேட்டதோடு நின்றுவிடக்கூடாது. பதிலைத் தீர்மானப் புத்தகத்திலே எழுதச் செய்யுங்கள். நகல் ஒன்றைக் கையிலே வாங்கிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள்.